அஸ்டெக், மாயா மரபிடங்கள்: ஒரே பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு வார விடுப்பும் பெரும் செலவும் கேட்கும் பயணம் இது. மறுமுறை அவ்வளவு தூரம் போக வாய்க்குமா என்பது நம்மில் பலருக்கு ஐயமே. அதனால் அஸ்டெக், மாயா என்ற இரண்டையும் ஒரே வீச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு வரைபடத்தை விரிப்பவர்கள், மெக்சிகோ நகரம், கான்கூன், பலெங்கே, டிக்கால், பெலீஸ், கோப்பான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே சரமாகக் கோத்துவிடுகிறார்கள். அப்படிக் கோத்த பயணத்தில் பகல்களில் பாதி விமான நிலையங்களிலும் பேருந்துகளிலும் கழியும்; மீதிப் பாதியில் ஒவ்வொரு கோபுரத்தின் முன்னும் நின்று படம் எடுக்கத்தான் நேரம் இருக்கும். ஆகவே எதைப் பார்ப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு உதவும் வகையில், பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, இந்த இரண்டு மரபுகளும் இடத்தாலும் காலத்தாலும் வெகுதொலைவு பிரிந்தவை என்பதே. அஸ்டெக் என்று நாம் அழைக்கும் மெஷிக்கா மக்களின் தலைநகரான டெனோச்டிட்லான், மத்திய மெக்சிகோவின் மேட்டுநிலத்தில், டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே இருந்த தீவொன்றில் 1325-இல் அமைக்கப்பட்டது என்பது மரபு. மாயா நகரங்களோ மெக்சிகோவின் தென்கிழக்கு, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி, எல் சால்வடோர் எனப் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற பலவும் கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தில் செழித்தவை. குவாத்தமாலாவில் உள்ள டிக்காலில் தேதி பொறித்து நாட்டப்பட்ட கடைசிக் கல் 869-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அதாவது டெனோச்டிட்லானின் முதல் குடிசை எழுந்தபோது டிக்காலில் அத்தகைய கல் நாட்டுவது நின்று நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. மெக்சிகோ நகரத்திலிருந்து டிக்காலுக்கு நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 1,000 கி.மீ. தூரம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கையில் உள்ளவர் மெக்சிகோ நகரத்தையும், மாயா நிலத்தில் ஒரே ஒரு பகுதியையும் தேர்ந்துகொள்வது நல்லது. அந்த ஒரு பகுதி குவாத்தமாலாவாக இருப்பது எல்லாவற்றிலும் நல்லது. இந்த முடிவுக்கு நான் வந்ததற்குக் காரணமான ஊர், அஸ்டெக்குகளுக்கோ மாயாக்களுக்கோ சொந்தமில்லாத தியோதிஹுவாக்கான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மெக்சிகோ நகரம்: மண்ணுக்கடியில் இருக்கும் தலைநகரம்

அஸ்டெக் தலைநகரைப் பார்க்கப் போகிறவர், மாயா நகரமான சிச்சென் இட்சாவின் படங்களில் காண்பது போன்ற முழுமையான பிரமிடை எதிர்பார்க்கக் கூடாது. 1521 ஆகஸ்ட் 13-இல் ஸ்பானியத் தளபதி ஹெர்னான் கோர்டெஸின் படையிடமும், அவரோடு சேர்ந்திருந்த ட்லாஷ்கலா முதலிய உள்நாட்டு அரசுகளின் பெரும்படையிடமும் டெனோச்டிட்லான் வீழ்ந்தது. அதன் பின் கோயில்கள் இடிக்கப்பட்டு, அதே கற்களைக் கொண்டு அதே இடத்தில் ஸ்பானியத் தலைநகரம் எழுப்பப்பட்டது. ஏரியும் காலப்போக்கில் வடிக்கப்பட்டது. இன்று ஸோக்கலோ எனப்படும் மாபெரும் சதுக்கத்தில் நிற்பவரின் காலடியில்தான் அஸ்டெக் பேரரசர் மொக்தேசுமாவின் நகரம் இருக்கிறது. தளர்ந்த ஏரி மண்ணில் சதுக்கத்தின் ஓரமாகக் கட்டப்பட்ட கிறிஸ்தவப் பேராலயம் இன்றும் சீரற்று அமிழ்ந்துகொண்டிருப்பதை அதன் தரையிலும் தூண்களிலும் கண்ணாலேயே காணலாம்.

அந்தப் பேராலயத்தின் பக்கத்திலேயே டெம்ப்லோ மயோர், அதாவது அஸ்டெக்குகளின் தலைமைக் கோயில், திறந்த அகழாய்வுத் தளமாக இருக்கிறது. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டியபோது, மூன்று மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள வட்டக் கல்லொன்று தென்பட்டது. துண்டிக்கப்பட்ட கைகால்களோடு கிடக்கும் கொயோல்ஷௌகி தெய்வத்தின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து எதுவார்தோ மாத்தோஸ் மொக்தேசுமாவின் தலைமையில் நடந்த அகழாய்வுக்காகக் காலனிக் காலக் கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. போர்த் தெய்வமான ஹுயிட்சிலோபோச்ட்லிக்கு ஒன்று, மழைத் தெய்வமான ட்லாலோக்குக்கு ஒன்று என உச்சியில் இரண்டு கருவறைகளைத் தாங்கிய அந்தக் கோயில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு முறை பெரிதாக்கிக் கட்டப்பட்டது. வெளியடுக்குகளை ஸ்பானியர் இடித்துவிட்டதால்தான் உள்ளே பொதிந்திருந்த பழைய அடுக்குகள் இன்று நம் பார்வைக்குக் கிடைக்கின்றன. நடைபாதையில் மெல்ல நடந்து, எந்தச் சுவர் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று பலகைகளைப் படித்தபடி பார்ப்பவருக்கு இது மறக்க முடியாத இடம். அரை மணி நேரத்தில் சுற்றிவிட நினைப்பவருக்குக் கற்குவியலாகவே தோன்றும். பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில், 2006-இல் கிடைத்த ட்லால்டெகூட்லி என்னும் பூமித் தெய்வத்தின் பெருங்கல், அதன் பழைய வண்ணங்களின் எச்சத்தோடு வைக்கப்பட்டிருக்கிறது.

நரபலி பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த இடத்தைப் பார்க்க முடியாது. மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய கோபுரத்தின் பகுதி 2015-க்குப் பின் இதே சுற்றுவட்டாரத்தில் வெளிப்பட்டது. அதில் பெண்களின், குழந்தைகளின் மண்டையோடுகளும் இருந்தன. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சப்புல்தெப்பெக் பூங்காவில் உள்ள தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் வடிவமைத்து 1964-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் மெஷிக்கா கூடத்தில், ஏறத்தாழ 3.6 மீட்டர் விட்டமும் 24 டன் எடையும் கொண்ட சூரியக் கல் நடுநாயகமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அத்தோடு திரும்பிவிடுகிறவர்கள், சற்றுத் தள்ளி நிற்கும் கோவாட்லிகூவே சிலையை இழந்துவிடுகிறார்கள். பாம்புகளால் நெய்த பாவாடையும், மனித இதயங்களும் கைகளும் கோத்த மாலையும் அணிந்த இந்தத் தாய்த்தெய்வத்தின் சிலை 1790-இல் ஸோக்கலோவில் கிடைத்தபோது, பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். உள்நாட்டு மக்கள் மீண்டும் வழிபடத் தொடங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் அதைத் திரும்பவும் மண்ணில் புதைத்தார்கள். பின்னர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதால் அவர் பார்ப்பதற்காகத் தோண்டி எடுக்கப்பட்டது. தோற்ற மக்களின் தெய்வத்தைக் கண்டு, வென்றவர்கள் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அஞ்சினார்கள் என்பதை அறிந்து அந்தச் சிலையின் முன் நிற்பது வேறு வகையான அனுபவம்.

இதே அருங்காட்சியகத்தின் மாயா கூடத்தில், பலெங்கே அரசர் பகாலின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட பச்சைக்கல் முகமூடி இருக்கிறது. ஆகவே மாயா நிலத்துக்குப் புறப்படும் முன் இங்கே வந்துவிட வேண்டும். வெளியே காட்டுக்குள் இருப்பவை வெறும் கட்டடங்கள். அவற்றுள் வாழ்ந்தவர்களின் அணிகலன்கள், பாண்டங்கள், எழுத்துகள் ஆகியவற்றில் பெரும்பங்கு கூடங்களுக்கு வந்துவிட்டது. முதலில் இவற்றைப் பார்த்தவரின் கண்ணுக்குப் பின்னால் பார்க்கும் வெறுங்கட்டடங்கள் நிறைந்து தெரியும். மெக்சிகோவில் அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ மக்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் கூட்டம் மிகும். செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நாள்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ, அஸ்டெக் உழவின் இன்றைய எச்சம். ஏரியில் சேறும் தாவரங்களும் அடுக்கி, விளிம்பில் மரங்கள் நட்டு உருவாக்கிய சினாம்பா என்னும் வயல்களும் அவற்றுக்கிடையே ஓடும் கால்வாய்களும் டெனோச்டிட்லானுக்குச் சோறு போட்டவை. வார இறுதியில் அங்கே வண்ணப்படகுகளும் இசைக்குழுக்களும் நிறைந்திருக்கும். அது மெக்சிகோ குடும்பங்களின் கொண்டாட்டம், அதில் குறையில்லை. ஆனால் வயல்களைப் பார்க்க விரும்புகிறவர் வார நாளின் விடியற்காலையில், இன்னும் பயிரிடப்படும் பகுதிக்கு அழைத்துச் செல்லும் படகை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முழுமையான அஸ்டெக் கட்டடம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பவருக்கு மலினால்கோ இருக்கிறது. மெக்சிகோ நகரத்திலிருந்து தென்மேற்கே நூறு கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில், மலைச்சரிவின் பாறையையே குடைந்து செதுக்கிய வட்டக் கருவறை. உள்ளே தரையிலும் திண்ணையிலும் கழுகும் சிறுத்தையும் பாறையோடு பாறையாக வடிக்கப்பட்டுள்ளன. 1501-இல் தொடங்கிய இந்த வேலை ஸ்பானியர் வரும்வரை முடியவில்லை. மேலே ஏறப் படிகள் நிறைய உண்டு. கால்வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

தியோதிஹுவாக்கான்: இரு கதைகளையும் இணைக்கும் ஊர்

மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் உள்ள தியோதிஹுவாக்கானை அஸ்டெக் நகரம் என்று சுற்றுலா முகவர்கள் சிலர் விற்கிறார்கள். அது தவறு. அஸ்டெக்குகள் அந்தச் சமவெளிக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில், அந்த நகரத்தின் நடுப்பகுதி எரிந்து அதன் ஆட்சி சரிந்துவிட்டது. அதைக் கட்டியவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பதுகூடத் தீர்மானமாகத் தெரியாது. இடிபாடாக நின்ற அந்தப் பிரமிடுகளைக் கண்ட அஸ்டெக்குகள், தெய்வங்கள் இங்கேதான் உலகைப் படைத்தன என்று நம்பினார்கள். அங்கே வழிபடச் சென்றார்கள். அங்கிருந்து எடுத்து வந்த பழைய முகமூடிகளைத் தங்கள் தலைமைக் கோயிலின் அடியில் காணிக்கையாகப் புதைத்தார்கள். டெம்ப்லோ மயோர் அகழாய்வில் அவை கிடைத்திருக்கின்றன.

மாயாக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை இன்னும் சுவையானது. கி.பி. 378-இல் சியாஹ் காக் என்ற தலைவன் மேற்கிலிருந்து டிக்காலுக்கு வந்தான் என்றும், அந்நாளிலேயே டிக்காலின் அரசன் இறந்தான் என்றும், பின் புதிய மரபு அரியணை ஏறியது என்றும் மாயா எழுத்துகள் கூறுகின்றன. அந்தப் புதிய மரபு தியோதிஹுவாக்கானோடு தொடர்புடையது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. டிக்காலின் 31-ஆம் எண் கல்லில், மாயா அரசனின் இருபுறமும் தியோதிஹுவாக்கான் உடையிலும் படைக்கலத்தோடும் அவன் தந்தை நிற்கிறார். டிக்காலின் சில பழைய மேடைகளிலும், சாய்ந்த அடித்தளத்தின்மேல் செங்குத்தான பலகை வைக்கும் தியோதிஹுவாக்கான் கட்டுமுறையைக் காணலாம். ஹோண்டுராஸின் கோப்பானில் 426-இல் அரச மரபைத் தொடங்கிய யாஷ் குக் மோ, பிற்காலச் சிற்பத்தில் தியோதிஹுவாக்கானின் அடையாளமான வட்டக் கண்ணணியோடு காட்டப்படுகிறார்.

ஆகவே அஸ்டெக்குகள் வணங்கிய, மாயாக்கள் நேரில் எதிர்கொண்ட ஊர் இது. மெக்சிகோ நகரத்தையும் டிக்காலையும் ஒரே பயணத்தில் சேர்ப்பதற்கு வரலாறே தரும் காரணம் இது. அந்தக் காரணம் மெக்சிகோ நகரத்தையும் கான்கூனையும் சேர்ப்பதற்கு இவ்வளவு வலுவாக இல்லை. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள சூரியப் பிரமிடையும், மாண்டோர் வீதி என்ற நெடிய தெருவையும், சுவரோவியங்கள் எஞ்சியிருக்கும் குடியிருப்புகளையும் காலை திறந்தவுடன் சென்று பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் அங்கே நிழல் கிடையாது. பிரமிடுகளின்மேல் ஏற விடுவதும் தடுப்பதும் அண்மை ஆண்டுகளில் மாறி வருவதால், ஏறுவதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

யுகடான்: எளிய வழி, ஆனால் எங்கே தங்குவது என்பதே கேள்வி

மாயா நிலத்தில் பெரும்பாலோர் தேர்வது மெக்சிகோவின் தென்கிழக்கில் உள்ள யுகடான் தீபகற்பம். சாலைகள் நல்லவை, விடுதிகள் எல்லா விலையிலும் உண்டு, குடும்பத்தோடும் முதியவர்களோடும் செல்ல இதைவிட எளிய பகுதி இல்லை. ஆனால் கான்கூன் கடற்கரை விடுதியில் தங்கி, சுற்றுலாப் பேருந்தில் ஏறி சிச்சென் இட்சாவுக்குப் போய் வரும் வழக்கமான முறையைத்தான் எல்லா வழிகளிலும் கடைசியில் வைப்பேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏறத்தாழ 200 கி.மீ.; பேருந்துகள் வந்து சேரும் நேரம் வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் நேரம். கடற்கரைக்காகப் போகிறவர் அங்கே தங்கட்டும். மரபிடங்களுக்காகப் போகிறவர் யுகடான் மாநிலத் தலைநகரான மெரிடாவில் தங்க வேண்டும். சிச்சென் இட்சாவைக் காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே பார்க்க நினைப்பவர் முந்தைய இரவு வய்யாடோலிட் ஊரில் தங்கலாம், அங்கிருந்து சுமார் 45 கி.மீ.தான்.

சிச்சென் இட்சாவின் காஸ்தியோ பிரமிடில் நான்கு பக்கமும் 91 படிகள். உச்சிமேடையையும் சேர்த்தால் ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365. சம இரவு பகல் நாள்களை ஒட்டி, மாலை வெயிலில் படிக்கட்டின் ஓரச்சுவரில் விழும் நிழல் பாம்பு இறங்குவது போலத் தோன்றுவதைக் காணப் பல்லாயிரம் பேர் திரளுவார்கள். அமைதியாகப் பார்க்க விரும்பினால் அந்த நாள்களைத் தவிர்ப்பதே மேல். 168 மீட்டர் நீளமுள்ள பந்தாட்டக் களத்தை மட்டும் தவறவிட வேண்டாம். இங்கே பிரமிடின்மேல் ஏறுவது இருபது ஆண்டுகளாகவே அனுமதிக்கப்படவில்லை.

சிச்சென் இட்சாவைவிட எனக்கு உஷ்மலே பெரிது. மெரிடாவுக்குத் தெற்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில் உள்ள இந்நகரில் ஆறோ, யுகடானின் மற்ற ஊர்களுக்கு நீர் தரும் இயற்கைக் கிணறுகளோ இல்லை. மழைநீரைத் தரைக்கடியில் குடைந்த தொட்டிகளில் சேமித்து வாழ்ந்தார்கள். சுவர்களின் மேற்பாதி முழுவதும் மழைத் தெய்வமான சாக்கின் வளைந்த மூக்கு முகங்கள் அடுக்கடுக்காக நிற்பதன் பொருள், இதை அறிந்து பார்க்கும்போது விளங்கும். ஆளுநர் மாளிகை எனப்படும் நீண்ட கட்டடத்தின் முகப்பில் ஆயிரக்கணக்கான கல்துண்டுகளைத் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். மாயாக் கட்டடக்கலையின் சிகரம் அதுவே என்பது என் துணிபு. கூட்டமும் சிச்சென் இட்சாவில் உள்ளதில் சிறு பங்குதான். இவ்விரு இடங்களிலும் மாநில அரசுக்கு ஒன்று, நடுவண் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயில், கான்கூன், மெரிடா, கம்பேச்சே, பலெங்கே முதலிய ஊர்களை இணைக்கிறது. நிலையங்கள் பல ஊரையும் தொல்லிடங்களையும் விட்டுத் தள்ளி இருப்பதால், இறங்கிய பின் எப்படிப் போவது என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். காட்டையும் நிலத்தடிக் குகைகளையும் இந்தப் பாதை குலைத்தது என்ற வருத்தம் அங்கே பலருக்கு இருக்கிறது; அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன்.

சைவ உணவினருக்கு ஓர் எச்சரிக்கை. சோள அடையும் அவரையும் எங்கும் கிடைத்தாலும், அவரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது மெக்சிகோவில் வழக்கம். கேட்டுத் தெரிந்துகொண்டே உண்ண வேண்டும். யுகடானில் சிகில் பாக் என்ற, பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் அரைத்துச் செய்யும் மாயாத் தொகையல் கிடைத்தால் விடாதீர்கள். நம் வீட்டு எள்ளுத் துவையலின் உறவு போலவே இருக்கும்.

பலெங்கே: அழகும் தயக்கமும்

சியாபாஸ் மாநிலத்தின் மழைக்காட்டு விளிம்பில் உள்ள பலெங்கே, மாயா நகரங்களுள் மிக நளினமானது. 1952-இல் தொல்லியலாளர் அல்பர்தோ ரூஸ், கல்வெட்டுக் கோயிலின் தரையிலிருந்து உள்ளே இறங்கிய படிக்கட்டைச் சில பருவங்களாகத் தூர்வாரி முடித்தபோது, 615 முதல் 683 வரை ஆண்ட பகால் அரசரின் கல்லறை வெளிப்பட்டது. மாயாப் பிரமிடு அரசனின் சமாதியாகவும் இருக்கும் என்பதை உலகம் அப்போதுதான் உறுதியாக அறிந்தது. அங்கிருந்து போனம்பாக்கின் சுவரோவியங்களுக்கும், உசுமசிந்தா ஆற்றில் படகேறி யாஷ்சிலானுக்கும் செல்வது பலரின் கனவு. ஆனால் குவாத்தமாலா எல்லையை ஒட்டிய இப்பகுதியில் ஆயுதக் குழுக்களின் மோதலால் யாஷ்சிலானுக்குச் செல்ல முடியாத நிலை ஏற்பட்டதை 2024 தொடக்கத்தில் மெக்சிகோ அரசே ஒப்புக்கொண்டது. அப்போதைய நிலவரத்தை விசாரிக்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. பலெங்கேயை மட்டும் விமானத்திலோ ரயிலிலோ சென்று பார்த்துத் திரும்புவது தனி. எல்லையோரச் சாலையில் நெடும்பயணம் போவது தனி. குடும்பத்தோடு செல்வோருக்கு இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குவாத்தமாலா: என் தேர்வு

டிக்கால் இருப்பது 576 சதுர கி.மீ. பரப்புள்ள தேசியப் பூங்காவுக்குள். பெட்டேன் இட்சா ஏரியில் உள்ள ஃப்ளோரஸ் என்ற சிறு தீவூர்தான் அதற்கு வாசல். அங்கிருந்து சாலையில் ஒன்றரை மணி நேரம். குவாத்தமாலா நகரத்திலிருந்து ஃப்ளோரஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பேருந்தில் போனால் ஒரு முழு இரவு கழியும். பகல்நேரச் சுற்றுலாவாக வந்து திரும்புவதைவிட, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிகளில் ஓரிரவு தங்குவது பன்மடங்கு நல்லது. நாலாம் எண் கோயில் 65 மீட்டர் அளவு உயரமுள்ளது. அதன் மேல்மேடைக்குப் பக்கவாட்டிலுள்ள மரப்படிகளில் ஏறலாம். காட்டின் தலைக்கு மேலே மற்றக் கோயில்களின் உச்சிகள் மட்டும் தலைகாட்டுவதையும், ஊளைக்குரங்குகளின் முழக்கம் காட்டை நிறைப்பதையும் அங்கிருந்துதான் முழுமையாக உணர முடியும். விடியலில் ஏற வேண்டுமானால் தனிக் கட்டணமும் வழிகாட்டியும் தேவை.

டிக்காலுக்காக மட்டும் நான் குவாத்தமாலாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாயாக்கள் மறைந்துவிட்டார்கள் என்ற எண்ணம் பொய் என்பதை இந்நாட்டு மலைப்பகுதி முகத்துக்கு நேராகச் சொல்கிறது. மறைந்தவை தாழ்நிலத்தின் அரச மரபுகளே, மக்கள் இருக்கிறார்கள். கிச்சே, கக்சிகேல், த்சுதுஹில், மாம் என இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. யுகடானிலும் லட்சக்கணக்கானோர் மாயா மொழி பேசுகிறார்கள் என்றாலும், அவசரமாக வந்து போகும் பயணிக்கு அது கண்ணில் படுவதில்லை. குவாத்தமாலா மலையில் சந்தையிலும் பேருந்திலும் காதில் விழுவதே அம்மொழிகள்தான். அடிட்லான் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் இடுப்பில் கட்டிய தறியில் நெய்யும் மேற்சட்டையின் வண்ணமும் கோலமும் அவர்கள் எந்த ஊரார் என்று சொல்லும். சிச்சிகாஸ்தெனாங்கோவில் வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தையின் நடுவே, சாந்தோ தோமாஸ் தேவாலயத்தின் படிகளில் கோபால் என்னும் நறுமணப் பிசினைப் புகைத்து முன்னோரை வேண்டிக்கொள்கிறார்கள். கக்சிகேல் அரசின் பழைய தலைநகரான இஷிம்சேயின் இடிபாடுகளுக்குப் பின்னால், இன்றும் மாயாப் பூசாரிகள் தீ வளர்த்து வழிபடும் பலிபீடங்கள் உள்ளன. இவ்விடங்களில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்பதும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாயாக்கள் என்பதும் இந்த மலைகளின் அண்மை வரலாறு. நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களில் சில, அந்தப் போரில் கணவரை இழந்த பெண்களால் தொடங்கப்பட்டவை. துணி வாங்குவதானால் அத்தகைய சங்கங்களில் வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. மலைச்சாலைப் பயணம் வரைபடத்தில் தோன்றுவதைவிட இரு மடங்கு நேரம் பிடிக்கும். இரவில் சாலைப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். ஸ்பானியச் சொற்கள் சில தெரியாமல் சமாளிப்பது யுகடானைவிடக் கடினம். டிக்காலில் ஒரு கோயிலுக்கும் மறு கோயிலுக்கும் இடையே புழுக்கமான காட்டுப்பாதையில் நிறைய நடக்க வேண்டும். எண்பது வயதுப் பெற்றோரோடு போகிறவருக்கு நான் உஷ்மலைத்தான் சொல்வேன்.

மற்றவை

பெலீஸில் ஆங்கிலம் ஆட்சிமொழி. சுனான்துனிச், கரகோல், லமனாய் போன்ற நல்ல தொல்லிடங்கள் உண்டு. ஆனால் முதல் பயணத்துக்கு அதைத் தனியாகத் தேர்வதற்குப் போதிய காரணம் எனக்குத் தெரியவில்லை. கோப்பான் வேறு, சிற்பத்தில் மனம் தோய்ந்தவர்களுக்கு அதுவே முதலிடம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக்கள் பொறித்த படிக்கட்டு, மாயா எழுத்தில் எஞ்சியவற்றுள் மிக நீளமானது. 776-இல் நாட்டப்பட்ட கியூ (Q) என்று பெயரிட்ட பலிபீடத்தின் நான்கு பக்கங்களிலும் பதினாறு அரசர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, முதல்வரான யாஷ் குக் மோ பதினாறாமவருக்கு ஆட்சிச் சின்னத்தைக் கொடுக்கிறார். மூன்றாவது வாரம் கிடைக்குமானால், குவாத்தமாலாவிலிருந்து சாலைவழி எல்லை கடந்து இங்கே வரலாம். வழியிலேயே, பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கிரிகுவாவின் கல்லையும் பார்த்துவிடலாம்.

விசா, பருவம், நாள் கணக்கு

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றின் காலாவதியாகாத விசா இருந்தால் தனியாக எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க விமான நிலையம் வழியாக மாறிச் செல்வதானால், வெளியே போகாவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர் ஐரோப்பா வழியான விமானங்களைப் பார்க்க வேண்டும். குவாத்தமாலாவின், ஹோண்டுராஸின் நுழைவு விதிகள் வேறு. அவற்றை அந்தந்தத் தூதரகத்தில் எழுத்துவழி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே விமானச்சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். குவாத்தமாலா விசா கிடைப்பதில் தடை இருந்தால், தயங்காமல் மெரிடாவுக்கு மாறிவிடலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை எல்லா இடங்களுக்கும் ஏற்ற பருவம். ஏப்ரல், மே மாதங்களில் யுகடானும், டிக்கால் இருக்கும் பெட்டேன் பகுதியும் கொதிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, கரீபியக் கரையில் புயல் அச்சமும் உண்டு. நவம்பர் முதல் இரண்டு நாள்களில் இறந்தோரை வரவேற்கும் விழா மெக்சிகோ முழுவதும் நடக்கும். அப்போது விடுதிகளை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்த முதல் நாளில் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். அன்று ஸோக்கலோவைச் சுற்றி மெல்ல நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதினான்கு நாள் கணக்கில், மெக்சிகோ நகரத்துக்கு ஐந்து நாள்: டெம்ப்லோ மயோர், அருங்காட்சியகம், தியோதிஹுவாக்கான், சோச்சிமில்கோ, ஒரு நாள் ஓய்வுக்கோ மலினால்கோவுக்கோ. ஆறாம் நாள் குவாத்தமாலா நகரத்துக்கு விமானம். அங்கிருந்து ஃப்ளோரஸ், டிக்கால் என மூன்று நாள். பிறகு குவாத்தமாலாவின் பழைய தலைநகரான ஆன்டிகுவாவில் தங்கி, அடிட்லானுக்கும் இஷிம்சேக்கும், ஞாயிறோ வியாழனோ வரும்படி பார்த்து சிச்சிகாஸ்தெனாங்கோவுக்கும் நான்கு நாள். கடைசி நாளைச் சாலைத் தாமதங்களுக்கென்று காலியாக விட்டு வையுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டாம்; தியோதிஹுவாக்கானை முதலில் பார்த்தவருக்கே டிக்காலில் அதன் தடம் கண்ணில் படும். 31-ஆம் எண் கல் டிக்கால் பூங்காவின் அருங்காட்சியகப் பொருள். அது அப்போது பார்வைக்கு இருக்கிறதா என்று நுழைவாயிலிலேயே கேட்டுவிட்டு, முடிந்தால் கோயில்களுக்குப் போவதற்கு முன் அதைப் பாருங்கள்.